ஒரே ஒரு ராத்திரி, எண்ணெய்ச் சிகிச்சையோட தங்கல்: கோத்தகிரியா, தாண்டிக்குடியா?

அமராவதிக்கரை கேட்டது:

வணக்கமுங்க. தை மாசக் கடைசியில, வார நாள்ல, அம்மாவும் நானும் ஒரே ஒரு ராத்திரி மலையில தங்கிட்டு வரலாம்னு இருக்கோம். அம்மாவுக்கு 64 வயசு. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை போடுறாங்க, இன்சுலின் இல்லை. ரெண்டு முழங்காலும் வலி, படி இறங்கும்போது வலது கால் அதிகமா வலிக்கும். கரூர்ல இருந்து கார்ல வர்றோம், டிரைவர் இருக்கார்.

ஊர் சுத்திப் பார்க்கிற எண்ணமே இல்லீங்க. நல்லா எண்ணெய் தேய்ச்சு, வெந்நீர்ல குளிச்சு, சூடா சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரணும், அவ்வளவுதான். ரெண்டு இடம் பார்த்து வெச்சிருக்கோம். ஒண்ணு நீலகிரியில கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள்ள, இன்னொண்ணு திண்டுக்கல் மாவட்டத்துல தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்துல. கோத்தகிரி ரிசார்ட்ல "ஒரு நாள் டீடாக்ஸ்"னு (உடம்பைச் சுத்தம் பண்றதாம்) ஒரு பேக்கேஜ் சொல்றாங்க: அப்யங்கம் (உடம்பு முழுக்க எண்ணெய்த் தேய்ப்பு), சிரோதாரா (நெத்தியில எண்ணெயைத் தாரையா ஊத்துறது), நீராவிக் குளியல், ஜக்குஸி (வெந்நீர் சுழலுற தொட்டி), மறுநாள் காலையில யோகா. செக்-இன் 2 மணி, செக்-அவுட் 11 மணி.

இத்தனையும் ஒரே நாள்ல அம்மா தாங்குவாங்களா? எதை எடுக்கலாம், எதை விடலாம்? பணம் கட்டுறதுக்கு முன்னாடி போன்ல என்னென்ன கேட்டுக்கணும்?

நொச்சித்தழை (ஆயுர்வேதம்) எழுதியது:

2 மணிக்கு வந்து மறுநாள் 11 மணிக்குக் கிளம்புகிறீர்கள். மொத்தம் 21 மணி நேரம். அதில் தூக்கம், சாப்பாடு போக மிஞ்சுவது ஒரே ஒரு சிகிச்சைக்கான நேரம்தான். பேக்கேஜில் உள்ள நான்கையும் அடுத்தடுத்துச் செய்தால் அம்மாவுக்குக் கிடைப்பது ஓய்வு அல்ல, களைப்பு.

முதலில் அந்த "டீடாக்ஸ்" என்ற சொல்லை ஒதுக்கிவிடுங்கள். ஆயுர்வேதத்தில் உடம்பைச் சுத்தம் செய்யும் முறையான பஞ்சகர்மத்தில் வாந்தி, பேதி போன்ற முக்கியச் சிகிச்சைகளுக்கு முன் நெய் குடிக்க வைப்பது, வியர்க்க வைப்பது என்று சில நாட்கள் உடம்பைத் தயார் செய்ய வேண்டும். முடிந்த பிறகு கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாகச் சாப்பாட்டுக்கு வர வேண்டும். ஒரு இரவில் இதில் எதுவும் நடக்காது. யாராவது ராத்திரி "லேசான பேதி மருந்து" கொடுத்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் போடுபவர்கள் உடம்பில் நீர் வற்றிய நிலையில் மறுநாள் மலைப்பாதையில் இறங்கினால் மயக்கம் வரும்.

அம்மாவுக்கு நான் சொல்வது அப்யங்கம் 45 நிமிடம், அதோடு முழங்காலுக்கு ஜானு வஸ்தி 30 நிமிடம். இரண்டும் சேர்ந்து ஒரே அமர்வு. ஜானு வஸ்தி என்பது உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து முழங்காலைச் சுற்றி வளையமாக ஒட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி நிறுத்துவது. ஆற ஆறப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுச் சூடான எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் மாவு சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம், பாதியில் நிறுத்தி மறுபடி ஒட்டச் சொல்லலாம். ஒருமுறை செய்தால் ஓரிரு நாள் இறுக்கம் தளர்ந்த மாதிரி இருக்கும். வலி குறைய வேண்டுமென்றால் ஊரிலேயே தொடர்ந்து ஒரு வாரமாவது செய்ய வேண்டும். முழங்கால் சிவந்து, தொட்டால் சுட்டு, வீங்கி இருந்தால் அன்றைக்கு வஸ்தியும் வேண்டாம், அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய்க் கையே படக் கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சூடு விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். சுடுவது தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும். அதனால் கிழி (சூடான மருந்து மூட்டை), ஒற்றடம், கால் ஊறவைக்கும் வெந்நீர் எல்லாவற்றையும் முதலில் நீங்கள் உங்கள் முழங்கையில் தொட்டுப் பாருங்கள். "சுடுதாம்மா?" என்று கேட்பது மட்டும் போதாது.

நீராவிப் பெட்டி என்றால், தலை வெளியே இருக்கிற மரப்பெட்டியாக இருந்தால் மட்டும் 5 முதல் 8 நிமிடம். நெற்றியில் வியர்வை அரும்பினால் போதும், நிறுத்திவிடலாம். பிரஷர் மாத்திரைகளில் பல ரத்த நாளங்களைத் தளர்த்தும், நீராவியும் அதையே செய்கிறது. அதனால்தான் பெட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, ஒருவர் கையைப் பிடித்தபடி எழ வேண்டும்.

சிகிச்சைக்கு முன் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். 160/100-க்கு மேல் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். குளுக்கோமீட்டர் இருந்தால் கொண்டு வாருங்கள். சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டு அரை மணி கழித்துத் தொடங்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் தோலுக்கடியில் ரத்தம் கன்றும். நீலகிரியில் தோட்டக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தையும் அவருக்குத் தடவக் கூடாது, அதில் இருப்பது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சரக்கு.

சிரோதாரா வேண்டாம் என்பேன். ஒரு லிட்டருக்கு மேல் எண்ணெய் தலையில் விழும். அதை மலைக் குளிரில் அலசிக் காயவைத்து முடிப்பதற்குள் தலை கனத்து, உடம்பு குளிர்ந்துவிடும்.

கொதிகலன் அறை எழுதியது:

மருந்து, எண்ணெய் பத்தி மேலே சொல்லிட்டாங்க. நான் தண்ணியும் சூடும் பத்தி மட்டும் சொல்றேன். மலைமேல சிகிச்சை கெட்டுப்போறது பெரும்பாலும் தைலத்தால இல்ல, குளிரால.

முதல் கேள்வி: "சிகிச்சை அறையில ஹீட்டர் இருக்கா, எத்தனை மணிக்குப் போடுவீங்க?" அறை 24, 25 டிகிரியாவது இருக்கணும். தை மாசச் சாயங்காலம் கோத்தகிரியில மூடின அறையே 15, 16 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிர்ல எண்ணெய் தடவின உடம்பு நடுங்கி, சதை இன்னும் இறுகிக்கும். அப்புறம் என்ன தேய்ச்சு என்ன பிரயோசனம்? ஆள் உள்ளே போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஹீட்டரைப் போட்டாகணும். ஊதுற மாதிரி ஹீட்டர் வேண்டாம், ஈர உடம்புல காத்து அடிக்கும். எண்ணெய் நிரப்பின ரேடியேட்டர் நல்லது. தைலக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வெச்சிருக்காங்களான்னும் பாருங்க. அடுப்புல நேரா திரும்பத் திரும்பச் சூடு பண்ணின எண்ணெய்ல சிக்கு வாடை வரும். இன்னொண்ணு, தேங்காயெண்ணெய் சேர்ந்த தைலம் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிச்சுடும். மலைக்கு நல்லெண்ணெய்ல காய்ச்சின தைலம்தான் சரி.

ரெண்டாவது, பாத்ரூம் கீசர் எத்தனை லிட்டர்? 25 லிட்டர்னு சொன்னா கணக்குப் போடுங்க. கீசர் தண்ணி 65 டிகிரி, குழாய்த் தண்ணி 14 டிகிரி. கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தா மொத்தம் கிடைக்கிறது 50 லிட்டர் கிட்டத்தான். கரூர்ல குழாய்த் தண்ணியே 27 டிகிரிக்கு வரும், அங்கே அதே கீசர் 70 லிட்டருக்கு மேல கொடுக்கும். அதனாலதான் மலையில பாதிக் குளியல்ல தண்ணி ஜில்லுனு மாறுது. எண்ணெய் போகக் குளிக்க ஒரு ஆளுக்கு 40, 50 லிட்டர் வேணும். 2 கிலோவாட் கீசர் மறுபடி சூடாக முக்கால் மணி நேரம் ஆகும். அம்மா குளிச்ச பிறகு அந்த முக்கால் மணி விட்டு நீங்க குளிங்க. பாத்டப் இருக்குன்னு படம் போட்டிருப்பாங்க, அதை நிரப்ப 180, 200 லிட்டர் வேணும். மேலே பெரிய கொதிகலன் இருந்தா மட்டும் நடக்கும். "சோலார்தாங்க" அப்படின்னா, மேகம் மூடின நாள்ல என்ன செய்வீங்கன்னு கேளுங்க.

ஜக்குஸி: 1,000 லிட்டர் தண்ணியை 15 டிகிரியில இருந்து 38 டிகிரிக்கு ஏத்த 27 யூனிட் கரன்ட் வேணும். 3 கிலோவாட் ஹீட்டர்னா 9 மணி நேரம். திறந்தவெளித் தொட்டியில அதுக்கும் மேல. நீங்க 2 மணிக்கு வந்து கேட்ட பிறகு சுவிட்சைப் போட்டாங்கன்னா ராத்திரி 11 மணிக்குக்கூட வெதுவெதுப்புதான். காலையிலேயே போடுறாங்களா, தண்ணி ஒவ்வொரு விருந்தாளிக்கும் மாத்துறாங்களா, இல்ல வடிகட்டியும் குளோரினும் ஓடுதா, இதைக் கேளுங்க. சுழலும் தொட்டின்னா குளோரின் குறைஞ்சது 3 பிபிஎம் (பத்து லட்சத்துல 3 பங்கு), பிஎச் (தண்ணியோட அமில, கார அளவு) 7.2-ல இருந்து 7.8 இருக்கணும். நல்லா நடத்துற இடத்துல சோதனைத் தாளைத் தொட்டியில நனைச்சு நிறம் காட்டுவாங்க. மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை அடிச்சா தண்ணி சுத்தம்னு நினைச்சுக்காதீங்க. வியர்வையும் எண்ணெயும் குளோரினோட சேர்ந்தாத்தான் அந்த வாடை வரும். அம்மாவுக்குப் பாதத்துல பித்தவெடிப்பு இருந்தா தொட்டியில இறங்கவே வேண்டாம்.

கரன்ட் போனா ஜெனரேட்டர்ல கீசரும் ஹீட்டரும் ஓடுமா, வெறும் லைட்டு மட்டுமா? இதை நேரா கேட்டாத்தான் சொல்வாங்க.

கடைசியா, உயிர்ச் சமாச்சாரம். குளிருதுன்னு கரி அடுப்பையோ, கேம்ப்ஃபயர் தணலையோ அறைக்குள்ள கொண்டுவரவே கூடாது. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவுக்கு வாசனையும் இல்ல, புகையும் இல்ல. தூக்கத்துலயே ஆள் போயிடும், கொடைக்கானல்ல அப்படி நடந்திருக்கு. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டியிருந்தாலும் இதே ஆபத்துதான், அறையை மாத்தச் சொல்லுங்க.

காப்பிக்காடு எழுதியது:

கரூர்ல இருந்து வர்றவங்களுக்கு நான் தாண்டிக்குடியைத்தான் சொல்வேன். திண்டுக்கல் வந்து, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம் வழியா பெரும்பாறை ஏறிடலாம். கோத்தகிரின்னா காங்கேயம், அவினாசி, அன்னூர், மேட்டுப்பாளையம்னு சமவெளியிலேயே பாதி நாள் போயிடும், அதுக்கப்புறம் 33 கிலோமீட்டர் மலைப்பாதை.

இன்னொரு காரணம் உயரம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர், தாண்டிக்குடி 1,300 சொச்சம். ராத்திரிக் குளிர்ல சுமார் 3 டிகிரி வித்தியாசம் வரும். மூட்டுவலிக்காரங்களுக்கு அந்த 3 டிகிரி பெரிய விஷயம். சுத்திப் பார்க்கிற எண்ணம் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் எதுக்கு மேலே மேலே ஏறணும்? தாண்டிக்குடி இருக்கிற கீழ்ப்பழனி மலையில காப்பியும் மிளகும் வாழையும்தான், கடை கண்ணி கூட்டம் கிடையாது.

குறையையும் சொல்லிடறேன். இங்கே தங்குற இடங்கள்ல முழுநேர வைத்தியர் இருக்கிறது அபூர்வம். நீங்க வர்றீங்கன்னு சொன்ன பிறகு கீழே இருந்து தெரபிஸ்டை வரவழைப்பாங்க. அவர் பஸ்ஸை விட்டுட்டா உங்க 4 மணி சிகிச்சை 6 மணி ஆயிடும். அதனால யார் செய்யப் போறாங்க, எங்கே பயிற்சி, பொம்பளைங்களுக்குப் பொம்பளை தெரபிஸ்ட் உண்டா, பிஏஎம்எஸ் (ஆயுர்வேதம்) அல்லது பிஎஸ்எம்எஸ் (சித்தா) படிச்ச வைத்தியர் நேர்ல பார்ப்பாரா, இதையெல்லாம் ரெண்டு நாள் முன்னாடியே உறுதி பண்ணிக்குங்க. வைத்தியர் கிடைக்காத இடத்துல வெறும் எண்ணெய்த் தேய்ப்போட நிறுத்திக்கலாம், வஸ்தி வேண்டாம். அறைக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவுல எத்தனை படின்னு கண்டிப்பா கேளுங்க. தோட்டத்துக்குள்ள கட்டின இடம் எல்லாமே சரிவுலதான் இருக்கும். "பக்கத்துலதாங்க"ன்னு சொல்வாங்க, நடுவுல 40 கருங்கல் படி இருக்கும். எண்ணெய்க் காலோட அம்மா அதுல இறங்க முடியாது.

சாப்பாடு ராத்திரி 7.30-க்குள்ள முடிச்சுடுங்க. எதுவும் புதுசா கேட்க வேண்டாம், மலைப்பூண்டும் நம்ம மிளகும் தட்டிப் போட்ட ரசம், ரெண்டு இட்லி இல்லன்னா கேழ்வரகு தோசை. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல புவிசார் குறியீடு வாங்கினது, காரமும் வாசமும் தூக்கலா இருக்கும், நாலு பல் போதும். மலைவாழைப்பழம் சுகர் இருக்கிறவங்களுக்குப் பாதி.

இ-பாஸ்: 2024 மே 7-ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு உண்டு, இணையத்துல வண்டி எண் கொடுத்தா வந்துடும். திரும்பும்போது கொடைக்கானல் டவுன் பக்கம் எட்டிப் பார்க்கிற எண்ணம் துளி இருந்தாலும் முன்னாடியே எடுத்து வெச்சுக்குங்க. சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் ரெண்டு மலையிலயும் தடை, வீட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாங்க.

குஞ்சப்பனை எழுதியது:

கோத்தகிரியை இப்படி ஒரேயடியாத் தள்ளிட வேண்டாமே. தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கே மறைச்சு நிக்கறதால தென்மேற்கு மழைக் காலத்துல ஊட்டி, கூடலூரை விடக் கோத்தகிரி நல்லா இருக்கும். ஆனா தை மாசம் பார்த்தா நண்பர் சொல்றதுதான் சரி, குளிர் ஜாஸ்தி. ஊட்டியில அப்போ உறைபனி விழும் காலம். கோத்தகிரியில பெரிய ரிசார்ட்டுகள்ல வைத்தியர் அங்கேயே தங்கியிருப்பாங்க, லிஃப்ட் அல்லது பேட்டரி வண்டி இருக்கும். செலவு கூடும். 7,500 ரூபாய்க்கு மேல வாடகைன்னா அறைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்குள்ளன்னா 5. போன்ல சொல்ற தொகையில வரி சேர்ந்திருக்கான்னு கேட்டு, வாட்ஸப்புல எழுத்துல வாங்கிக்குங்க. "60 நிமிடம்"னா அதுல உடை மாத்துற நேரமும் குளிக்கிற நேரமும் சேருதாங்கறதையும்.

சிரோதாரா பத்தி நொச்சித்தழை சொன்னதுல எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. சூடு பண்ணின அறை, பகல் 3 மணிக்குள்ள ஆரம்பம், நெத்திக்கு மேலே நாலு விரல் உயரத்துல மெல்லிசா ஒரே சீரா விழற தாரை, முடிஞ்சதும் உச்சியில ராஸ்னாதிங்கிற மூலிகைப் பொடி, ஹேர் டிரையர், காதை மூடித் துண்டுக் கட்டு. இத்தனையும் சரியா இருந்தா நல்ல தூக்கம் வரும். அம்மாவை விட்டுடுங்க, தூக்கம் வராத பிரச்சினை இருந்தா நீங்க எடுத்துக்கலாம். ஒருத்தருக்கு ஊத்தின எண்ணெயை வடிகட்டி அடுத்தவருக்கு ஊத்தறது தப்பு, புது பாட்டிலைக் கண் முன்னாடி திறக்கச் சொல்லுங்க.

எந்த மலையா இருந்தாலும் சாயங்காலம் 5.30-க்கு மேல தோட்டத்துக்குள்ள நடக்க வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டுமாடும் தேயிலைக்குள்ளயே நிக்கும், தாண்டிக்குடிப் பக்கம் யானை நடமாட்டம் வேற. காட்டுமாடு சாதுவாட்டம் தெரியும், பக்கத்துல போனா முட்டிடும்.

அமராவதிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தாண்டிக்குடிக்கே போன் பண்ணிக் கேட்டேன். தெரபிஸ்ட் அம்மா திண்டுக்கல்ல இருந்து காலையிலேயே வந்துடுவாங்களாம், வைத்தியரும் கூட வர்றாராம். கீழ்த்தளத்துல அறை, படி மூணுதான். ஜக்குஸியும் சிரோதாராவும் வேண்டாம்னுட்டேன். ரெண்டே ரெண்டு சந்தேகம்: அன்னிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், எண்ணெய் தேய்ச்ச பிறகு அம்மா தலைக்கும் சேர்த்துக் குளிக்கலாமா?

நொச்சித்தழை (ஆயுர்வேதம்):

காலை 7.30-க்குக் கிளம்புங்கள். வெறும் வயிற்றோடு மலை ஏறினாலும் குமட்டும், பூரி பொங்கல் சாப்பிட்டு ஏறினாலும் குமட்டும். மூன்று இட்லி போதும். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்து வரட்டும், செல்போன் வேண்டாம். வாந்தி மாத்திரை தூக்கத்தையும் தலைசுற்றலையும் கொடுக்கும். பிரஷர் மாத்திரையோடு சேர்க்கலாமா என்று உங்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

12 மணிக்குள் போய்ச் சேர்ந்து, அறை தயாராகும் வரை வராந்தாவில் காலை நீட்டி உட்காருங்கள். 12.30-க்குச் சாப்பாடு. மாத்திரை வழக்கமான நேரத்தில். சிகிச்சை 3.30-க்கு, அதாவது சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. நடுவில் சாய்ந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்த பிறகு பகல் தூக்கம் கூடாது என்பது நம் வீடுகளில் தெரிந்த விதிதானே, அதையே வைத்துக்கொள்ளுங்கள். 5 மணிக்குள் முடிந்து, 20 நிமிடம் போர்த்திக்கொண்டு ஓய்வு, பிறகு குளியல்.

தலையில் எண்ணெய் வைக்கவே வேண்டாம், அதனால் தலைக்குக் குளிக்கவும் வேண்டியதில்லை. உடம்புக்குப் பச்சைப்பயறு மாவு, ஒரு ஆளுக்கு நான்கு கைப்பிடி. வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். குளிக்கும் முன் தரையை நீங்கள் ஒருமுறை வெந்நீரும் பயறு மாவும் போட்டுத் தேய்த்துவிடுங்கள். வயதானவர்கள் எண்ணெய்ச் சிகிச்சையில் அடிபடுவது பெரும்பாலும் குளியலறையில் வழுக்கித்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உள்ளே போட்டு, உட்கார்ந்தபடி குளிக்க வையுங்கள், கதவைத் தாழிட வேண்டாம். குளித்ததும் முதலில் பாதத்தைத் துடைத்துச் சாக்ஸ் போட்டுவிடுங்கள், விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது.

பழைய நைட்டி ஒன்றும், தலையணைக்கு ஒரு பழைய துண்டும் கொண்டு போங்கள். தைலக்கறை வெள்ளை விரிப்பில் பட்டால் சில இடங்களில் தனியாகக் காசு கேட்பார்கள்.